கப்பி ரோடும் கிராவல் சைக்கிளும்

பக்கத்திலேயே நல்ல தார் ரோடு இருக்கிறது. அதை விட்டு இறங்கி, சரளைக் கல்லும் சேறுமாகக் கிடக்கிற தடத்தில் சைக்கிளை விட்டு, நாள் முழுக்க எலும்பு குலுங்க ஏறி இறங்கி, ராத்திரி வீடு திரும்பியதும் ‘ஆஹா, என்ன அருமையான பயணம்!’ என்று சிலாகிக்கிறார் ஒருவர். அவரை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?

மாரமங்கலத்தில் கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் வரும். அச்சில் போட முடியாத வார்த்தை.

இங்கிலாந்தில் கேட்டால், ‘கிராவல் ரைடர்’ என்பார்கள்.

கிராவல் என்றால் சரளை. நம்ம பொதுப்பணித் துறை ஆட்கள் தினம் சொல்கிற அதே கிராவல்தான். தார் போடாத பாதையில் சைக்கிள் ஓட்டுவது இன்றைக்கு உலகம் முழுக்க ஒரு பெரிய மோகம். அமெரிக்காவின் கன்சாஸில், 2006-ல் முப்பத்துச் சொச்சம் பேர் சேர்ந்து 200 மைல் சரளை ரோட்டில் போட்டி வைத்தார்கள். இப்போது அந்தப் போட்டிக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். 2022-ல் உலக சைக்கிள் சம்மேளனமே இறங்கி வந்து, இத்தாலியில் முதல் கிராவல் உலக சாம்பியன் போட்டியை நடத்தியது. இங்கிலாந்தில் 2020-ல் ‘கிங் ஆல்ஃபிரட்ஸ் வே’ என்று ஒரு வழித்தடம் அறிவித்தார்கள். வின்செஸ்டரில் கிளம்பி, ஸ்டோன்ஹெஞ்ச் கற்களைத் தொட்டு, குன்றுகளின் முதுகின்மேலேயே சுற்றி, மறுபடி வின்செஸ்டருக்கே வந்து சேரும் 350 கிலோமீட்டர். பெரும்பகுதி மண்ணும் சுண்ணாம்புக் கல்லும்தான்.

அதற்கென்று தனி சைக்கிள் வேறு. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், பாட்டி ஓட்டினாலும் ஏறிவிடும் அளவுக்கு லேசான கியர், கொஞ்சம் அகலமான டயர். விலை லட்சத்தைத் தாண்டும். அந்த அகலமான டயரின் அளவு என்ன தெரியுமா? சுமார் 40 மில்லிமீட்டர்.

நம்ம அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிளின் டயரில் 28 X 1½ என்று அச்சடித்திருக்கும். ஒன்றரை இஞ்ச். அதாவது 38 மில்லிமீட்டர்! முன்பக்கம் டைனமோ, பின்பக்கம் கேரியர், அதில் ஒரு மூட்டை அரிசி, பாரில் ஒரு குழந்தை, முனிசிபாலிட்டி வரி கட்டிய வில்லை. கம்பி பிரேக் போட்ட அந்த வண்டியில்தான் தமிழ்நாடே கப்பி ரோட்டில் ஐம்பது வருஷம் ஓடியது. யாரும் அதற்குக் கிராவல் ரைடிங் என்று பெயர் வைக்கவில்லை. வேலைக்குப் போவது என்றுதான் சொன்னார்கள்.

இந்த ஒற்றுமை தற்செயலாக வந்ததல்ல. அந்தக் கறுப்பு சைக்கிள் இங்கிலாந்தில், இங்கிலாந்தின் மோசமான ரோடுகளுக்காகச் செய்யப்பட்ட வடிவம். பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் முருகப்பா குடும்பமும் கைகோத்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தபோது, அம்பத்தூருக்கு வந்து இறங்கியதும் அதே வடிவம்தான். அவர்கள் ஊரில் ரோடு மாறியது, சைக்கிளும் மாறியது. நம்ம ஊரில் ரோடு மாறவில்லை, சைக்கிளும் மாறவில்லை. இன்று அவர்கள் பழைய ரோட்டைத் தேடிப் போகிறார்கள், பழைய டயரோடு.

ஏன் தேடுகிறார்கள்? அந்தக் கதை சுவாரசியமானது. கொஞ்சம் ரத்தமும் ஜெயிலும்கூட அதில் உண்டு.

முதலில் கப்பி ரோட்டின் பூர்வீகம். ஜான் லூடன் மெக்காடம் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1816-ல் பிரிஸ்டல் பகுதிச் சாலைகளுக்குக் கண்காணிப்பாளர் ஆனார். அதுவரை ரோடு என்றால் அடியில் பாறாங்கற்களைப் பரப்பி மேலே மண்ணைக் கொட்டுவார்கள். மெக்காடம், ‘அடியில் பெரிய கல்லே வேண்டாம். சின்னதாக உடைத்த ஜல்லியைப் போட்டு, தண்ணீர் வடிகிற மாதிரி நடுவில் லேசாக மேடாக்கினால் போதும், வண்டிச் சக்கரமே அதை இறுக்கிவிடும்’ என்றார். ஒரு ஜல்லி 6 அவுன்ஸுக்கு மேல் இருக்கக் கூடாது. நம்ம கணக்கில் 170 கிராம். இந்தியா முழுக்க வெள்ளைக்காரர் காலத்தில் போட்டது இந்த ரோடுதான். ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெண்கள் ஜல்லி உடைப்பதையும், உடைத்த ஜல்லியைப் பெட்டி மாதிரி குவித்து ஓவர்சியர் அளப்பதையும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கான்ட்ராக்டர்கள் இன்றைக்கும் டபிள்யூ.பி.எம். என்கிறார்களே, அதில் கடைசி எழுத்து மெக்காடம்தான்.

குதிரை வண்டிக்கு மெக்காடம் ரோடு போதும். சைக்கிளுக்குப் போதவில்லை. 1885-ல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், சங்கிலி வைத்து, இன்று நாம் பார்க்கிற சைக்கிளின் மூதாதையைச் செய்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயருடன் வந்தார். அதே வருஷம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், ‘சைக்கிளும் சட்டப்படி ஒரு வண்டியே’ என்று எழுதிவைத்தது. அதாவது, சாலையில் போக உனக்கும் உரிமை உண்டு. பதிலுக்கு, முந்தும்போது மணி அடித்தோ விசிலடித்தோ சத்தம் கொடுக்க வேண்டும். சைக்கிள் மணிக்கு இப்படி ஒரு வரலாறு!

உரிமை வந்தது, சரி. ரோடு? குண்டும் குழியும். அதனால் சைக்கிள் சங்கங்கள் சேர்ந்து 1886-லேயே சாலை மேம்பாட்டுச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தன. மனு போட்டார்கள், பிரசுரம் அடித்தார்கள், ரோடு போடுவது எப்படி என்று அதிகாரிகளுக்கே பாடம் நடத்தினார்கள். கார் என்கிற வஸ்து பிரிட்டனுக்கு வருவதற்கு முன்னாலேயே! வழுவழு ரோடு கேட்டு முதலில் குரல் கொடுத்தவர்கள் சைக்கிள்காரர்கள்.

பிறகு கார் வந்தது. கூடவே புழுதி. நாட்டிங்ஹாம்ஷயரின் சர்வேயர் பர்னல் ஹூலி, ரோட்டில் கவிழ்ந்த ஒரு தார் பீப்பாயின்மேல் யாரோ இரும்பாலைக் கசடைக் கொட்டி மூடியிருந்ததையும், அந்த இடத்தில் மட்டும் புழுதி கிளம்பாமல் இருந்ததையும் கவனித்ததாகச் சொல்வார்கள். 1902-ல் ‘டார்மாக்’குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அடுத்த இருபது முப்பது வருஷங்களில் இங்கிலாந்து கறுப்பாகிவிட்டது.

ரோடு கேட்டவர்கள் சைக்கிள்காரர்கள். கிடைத்தது கார்காரர்களுக்கு. ஹாரன், புகை, வேகம். கேட்டு வாங்கிய ரோட்டிலேயே ஓரமாக ஒதுங்கி ஓட்ட வேண்டிய நிலை. சைக்கிள்காரர்களில் ஒரு கூட்டம் அப்போதுதான் தலையைத் திருப்பி, குன்றுகளின் பக்கம் பார்த்தது.

அந்தக் கூட்டத்தின் முதல் நாயகர் என்று ராபின்சனைச் சொல்லலாம். டபிள்யூ.எம். ராபின்சன். இன்ஷூரன்ஸ் வேலை. ‘வேஃபேரர்’ என்ற புனைபெயரில் ‘சைக்கிளிங்’ பத்திரிகையில் எழுதுவார். வழிப்போக்கன் என்று அர்த்தம். முதல் உலகப் போரில் காயப்பட்டுத் திரும்பியவர். 1919-ல், பனி உறைந்து கிடந்த நேரத்தில், வேல்ஸ் நாட்டின் பெர்வின் மலையை நண்பர்களோடு சைக்கிளில் கடந்தார். ஓட்டினார் என்பதைவிடத் தள்ளினார், தூக்கினார் என்பதே சரி. அதைக் கட்டுரையாக எழுதி, பதுங்குகுழியிலிருந்து பாய்வதற்குப் போர்முனையில் சொல்கிற ‘ஓவர் தி டாப்’ என்ற தொடரையே தலைப்பாகக் கொடுத்தார். இளைஞர்கள் பைத்தியமாகிவிட்டார்கள். அந்தக் கணவாய் உச்சியில் இன்று அவருக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. பக்கத்தில் இரும்புப் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகம். ஏறி வருகிறவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கணவாய் எவ்வளவு உயரம்? 600 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இங்கிலாந்திலேயே மிக உயர்ந்த சிகரம் 978 மீட்டர். பிரிட்டன் முழுவதற்கும் உச்சியான பென் நெவிஸ் 1,345 மீட்டர். நம்ம சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சி 1,623 மீட்டர்! அங்கே பொங்கல் வைக்க விறகோடு ஏறுகிற பாட்டியம்மா, பிரிட்டனின் கூரையைவிடக் கால் கிலோமீட்டர் மேலே நிற்கிறார். அவர் பெயரை எழுத நோட்டு எதுவும் கிடையாது.

1955-ல் லெமின்ஸ்டர் என்ற ஊரில், ‘பிளாக் ஸ்வான்’ என்கிற மதுக்கடையில் நாற்பது சொச்சம் சைக்கிள்காரர்கள் கூடி ‘ரஃப் ஸ்டஃப் ஃபெலோஷிப்’ என்று ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். கரடுமுரடுக்காரர் சங்கம். கொள்கை ஒன்றே ஒன்று: தார் ரோட்டைத் தவிர்ப்பது. கோட், டை, வாயில் பைப், தோளில் சைக்கிள் என்று மலையேறிய அந்தப் பெரியவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும். இன்றைய கிராவல் சைக்கிளுக்கு இவர்கள்தான் தாத்தாக்கள்.

சரி, பணக்கார நாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். விஷயம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தார் இல்லாத பாதையில் போக யார் அனுமதி வேண்டும்?

இங்கிலாந்தின் குன்றுகளில் பெரும்பகுதி பிரபுக்களின் சொத்து. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்று ஒரு மேட்டுநிலம். 636 மீட்டர்தான். சுற்றிலும் புகை கக்கும் பஞ்சாலை நகரங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நல்ல காற்று வாங்கலாம் என்று தொழிலாளிகள் மேட்டைப் பார்ப்பார்கள். ஆனால் ஏற முடியாது. டெவன்ஷயர் பிரபு போன்றவர்கள் வருஷத்தில் சில நாள் க்ரௌஸ் என்ற பறவையைச் சுடுவதற்காக அந்த நிலத்தை அடைத்து, காவலுக்குத் தடியர்களை வைத்திருந்தார்கள்.

1932 ஏப்ரல் 24. ஞாயிற்றுக்கிழமை. பென்னி ராத்மேன் என்ற 20 வயது மெக்கானிக், ‘எல்லோரும் வாருங்கள், அத்துமீறுவோம்’ என்று அறிவித்திருந்தார். போலீஸ் மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் அவரைப் பிடிக்கக் காத்திருந்தது. அவர் ரயிலில் வரவேயில்லை. நண்பரோடு சைக்கிளில் ஹேஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்! பழைய பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்துப் பூட்டிய சைக்கிள். சுமார் நானூறு பேர் மேட்டில் ஏறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு. இறங்கி வந்ததும் கைது. ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. ராத்மேனுக்கு நான்கு மாதம்.

புல்மேட்டில் நடந்ததற்கு நான்கு மாதம்.

நாடு கொதித்துப் போனது. 1949-ல் தேசியப் பூங்காக்கள் சட்டம். 1951-ல் அதே மேட்டுப் பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. 2002-ல், எழுபதாவது ஆண்டு நினைவு நாளில், அப்போதைய டெவன்ஷயர் பிரபு மேடையேறி, தன் தாத்தா செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். ராத்மேன் அதைக் கேட்க இல்லை. அந்த வருஷம் ஜனவரியில்தான் காலமானார்.

1949 சட்டம் செய்த முக்கியமான வேலை வேறொன்று. ஒவ்வொரு மாவட்டமும் தன் எல்லைக்குள் மக்கள் காலங்காலமாகப் போய்வரும் பாதைகளைக் கணக்கெடுத்து, ஒரு வரைபடத்தில் குறித்துவைக்க வேண்டும். அதில் ஏறிவிட்டால் முடிந்தது. நிலம் யாருடையதாக இருந்தாலும் பாதை மக்களுடையது. நடைபாதை, குதிரைப் பாதை என்று ரகம் ரகமாகப் பிரித்தார்கள். 1968-ல் இன்னொரு சட்டம் வந்து, குதிரைப் பாதையில் சைக்கிளும் போகலாம், ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும் என்றது. இன்று கிராவல்காரர்கள் ஓட்டுகிற ஓட்டமெல்லாம் இந்த ஒரு வரியின் தயவில்தான். 1972-ல் திறந்த சவுத் டவுன்ஸ் வே, 160 கிலோமீட்டர், முழுக்கக் குதிரைப் பாதை. வெள்ளை வெளேர் சுண்ணாம்புக் குன்றுகள்.

(சேலத்தில் ‘சாக் ஹில்ஸ்’ என்று ஒரு இடம் இருக்கிறதே, கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே சாக்பீஸும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது. இருப்பது மேக்னசைட். வெள்ளையாகத் தெரிந்ததும் வெள்ளைக்காரருக்குத் தன் ஊர் ஞாபகம் வந்துவிட்டது, பெயர் வைத்துவிட்டார்.)

வரைபடத்தில் ஏறாத பாதைகள்? அங்கேதான் சிக்கல். 2000-ம் ஆண்டு வந்த சட்டம், ‘2026-க்குள் பழைய பாதைகளைப் பதிவு செய்யாவிட்டால் அவ்வளவுதான்’ என்று கெடு வைத்தது. பதறிப்போன ராம்ப்ளர்ஸ் என்ற நடையர் சங்கம், ஆயிரக்கணக்கான தொண்டர்களைக் கொண்டு பழைய வரைபடங்களைத் துழாவியது. 2020-ல் அவர்கள் சொன்ன கணக்கு: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவேட்டிலிருந்து நழுவிப்போன பாதைகள் 49,000 மைல்! கெடு 2031-க்குத் தள்ளிப்போனது. பிறகு 2024 டிசம்பரில், கெடுவையே ரத்து செய்வதாக அரசு அறிவித்தது.

அவர்களுடைய ‘கிரீன் லேன்’ என்பதைக் கொங்குநாட்டு வாசகர்களுக்கு விளக்கவே வேண்டாம். நம்ம இட்டேரிதான். இரண்டு பக்கமும் கள்ளியும் கிளுவையும் அடர்ந்த வேலி, நடுவில் வண்டித் தடம். முயல், கௌதாரி, ஓணான், கோவைப்பழம் எல்லாம் அங்கேதான். எத்தனை இட்டேரிகள் இன்று மிச்சம்? எந்தத் தொண்டர் எண்ணினார்?

இப்போது மலைக்கு வருவோம்.

ஏற்காடு ஒன்றியத்தில் ஒன்பது ஊராட்சிகள். மாரமங்கலம் அதில் ஒன்று. டூரிஸ்டுகள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்து, மிளகும் காபித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அவர்கள் கண்ணில் படாத ஏற்காடு இது. காபி, மிளகு, பலா, நடுவில் மலையாளி மக்களின் ஊர்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்கிறவர்கள், அதனால் மலையாளிகள். பட்டியல் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை ஆகிய மலைகளில் ஆளுக்கொன்றாகக் குடியேறியதாக இவர்களுடைய கதை சொல்கிறது.

அதற்கும் முன்னால் இங்கே ஆள் நடமாட்டம் உண்டு. சாட்சி சொல்வது ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்து, இந்திய வரலாற்றின் ஆரம்பத்தையே பின்னுக்குத் தள்ளிய புவியியலாளர். ஓய்வுக்குப் பிறகு வீடு கட்டிக்கொண்டு தங்கியது ஏற்காட்டில்தான். அவருடைய நினைவுச் சின்னமும் இங்குள்ள ஹோலி டிரினிடி தேவாலயத்தில்தான் இருக்கிறது. அவர் கவனித்த ஒரு விஷயம் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. மலையில் மரத்தடிக் கோயில்களில் பிள்ளையார் என்று வைத்துக் கும்பிட்ட கற்களில் பல, வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள்! ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் யாரோ கையில் பிடித்து மரம் வெட்டியவை. அப்படியானால் ஊருக்கு ஊர், சுனைக்குச் சுனை போகிற தடங்களும் அன்றே இருந்திருக்கத்தானே வேண்டும்? இங்கிலாந்தில் ‘ரிட்ஜ்வே’ என்று 140 கிலோமீட்டர் குன்றுப் பாதை ஒன்றை, நாட்டின் மிகப் பழைய ரோடு, ஐயாயிரம் வயசு என்று போர்டு வைத்துக் கொண்டாடுகிறார்கள். இங்கே போர்டு வைக்க முட்டுக்கொம்புகூட நட்டதில்லை.

1792-ல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். ஆரஞ்சு, பேரி என்று பழ மரங்களையும். பின்னாலேயே எஸ்டேட்டுகள் வந்தன. துரைமார்கள் அடிவாரத்திலிருந்து மட்டக்குதிரையில் ஏறினார்கள். துரைசானிகளை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் சுமந்தார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் குதிரைப் பாதைக்கு என்ன பெயரோ, அதே பெயரைத்தான் மலைப் பாதைகளுக்கும் வைத்தார்கள். ஆனால் பெயர் மட்டும்தான் கப்பலேறி வந்தது. கூடவே வந்திருக்க வேண்டிய உரிமை வரவில்லை. அது அவர்கள் ஊரிலேயே 1949 வரை தகராறில் இருந்தது என்பது வேறு விஷயம்.

பிறகு மோட்டார் ரோடு. சேலத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொன்று. வண்டிக்குப் போடுகிற ரோடு சரிவுக்குப் பயப்படும், வளைந்து வளைந்துதான் ஏறும். காலால் ஏறுகிற தடம் பயப்படாது, நேராகப் போகும். மலைக்காரரிடம் ‘அந்த ஊர் எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால், ‘ரோட்டுலயா, தடத்துலயா?’ என்று திருப்பிக் கேட்பார். ரோட்டில் பத்து கிலோமீட்டர் என்றால் தடத்தில் மூன்றாக இருக்கும்.

ரோடு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சேலத்துக்குத் தெற்கே, ராசிபுரம் பக்கம் போதமலை இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர். சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷம் கழித்தும் ரோடு கிடையாது. பிரசவ வலி எடுத்தால் தூளி கட்டித்தான் இறக்க வேண்டும். தேர்தல் வந்தால் ஓட்டு மெஷின் தலைச்சுமையாக ஏறும். தர்மபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு அதே மெஷின் கழுதை முதுகில் போயிருக்கிறது. போதமலைக்கு ஒருவழியாக 2024-ல் ரோடு வேலை தொடங்கியது. 31 கிலோமீட்டர், சுமார் 140 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு நாலரைக் கோடி. ‘அப்படியே மண் பாதையாக விடுங்கள், அழகாக இருக்கிறது’ என்று அந்த ஊர்க்காரர்களிடம் போய் எந்த கிராவல் ரைடராவது சொன்னால், சைக்கிளோடு சேர்த்து அவரையும் உருட்டிவிடுவார்கள். நியாயம்தான்.

வனத்துக்குள் ரோடு கேட்க இப்போது சட்டமே வழி சொல்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டப்படி, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கு மிகாமல், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், ரோட்டுக்கு வன நிலத்தை ஒதுக்கலாம். 3.75 மீட்டர் அகலத்தில் ஒற்றை ரோடு போட்டால், ஒரு ஹெக்டேரில் இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வரும். பல மலைக்கிராமங்களுக்கு அதுவே போதும்.

நான் படித்தது பி.காம். ஒரு பக்கம் வரவு எழுதினால் மறுபக்கம் பற்று எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. ரோடு வரவு, சந்தேகமில்லை. பற்றுப் பக்கத்தில் என்ன?

தடம்.

ரோடு வந்ததும் ஊர்க்காரர்கள் தடத்தில் நடப்பதை நிறுத்துகிறார்கள். பஸ்ஸும் டூவீலரும் இருக்கும்போது யார் நடப்பார்கள்? இரண்டு மழைக்காலம் போனால் உண்ணிச்செடி மூடிக்கொள்கிறது. மூன்றாவது வருஷம், பக்கத்து நிலத்தை வாங்கியவர் கம்பிவேலி போடும்போது ‘இங்கே வழி எதுவும் இல்லையே’ என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணுக்கு வழி தெரியவில்லைதானே! அந்தப் பக்கம் இருக்கிற சுனைக்கும் சாமிக்கும் சுடுகாட்டுக்கும் போக வேண்டியவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று வாட்ச்மேனிடம் பேச வேண்டும்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 1882-ம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம், ஒரு வழியை இருபது வருஷம் அமைதியாக, வெளிப்படையாக, இடைவிடாமல் உரிமையோடு அனுபவித்து வந்தால் அந்த உரிமை நிலைக்கும் என்கிறது. இங்கிலாந்தின் நெடுஞ்சாலைச் சட்டத்திலும் பொதுப்பாதைக்கு அதே இருபது வருஷம்தான். வித்தியாசம் எங்கே? அங்கே பாதை கவுன்சில் வரைபடத்தில் ஏறி, பொதுச் சொத்தாக நிற்கிறது. வேலி போட்டால் கவுன்சிலே வந்து எடுக்கச் சொல்லும். இங்கே அவரவர் கோர்ட்டுக்குப் போய், ‘நான் நடந்தேன், என் அப்பா நடந்தார்’ என்று அவரவரே சாட்சி கொண்டுவந்து நிரூபிக்க வேண்டும். அதுவும் தடை விழுந்த இரண்டு வருஷத்துக்குள். வருஷக்கணக்கில் நடக்காமல் விட்டபிறகு நான் நடந்தேன் என்று எப்படிச் சொல்வது?

நம்மிடமும் வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எஃப்.எம்.பி. என்று புலப்படம் உண்டு. வண்டிப்பாதை, நடைபாதைகளைக் கோடு போட்டுக் காட்டும் வழக்கமும் அதில் உண்டு. பழைய சர்வேக்காரர் அன்றைக்கு எந்தத் தடத்தில் நடந்தாரோ அது ஏறியிருக்கும். நடக்காதது ஏறியிருக்காது. கிராம சபையில் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என்று தீர்மானம் போடுகிறார்கள். எங்கள் ஊரில் இன்னின்ன தடங்கள் உண்டு, இன்னாருடைய நிலத்தின் வழியாகப் போகின்றன, இன்னதற்குப் பயன்படுகின்றன என்று ஒரு பட்டியல் எழுதித் தீர்மானமாக்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. கோர்ட்டில் அது ஒன்றே போதாது. ஆனால் ‘வழி எதுவும் இல்லையே’ என்கிறவர் முன்னால் வைக்க ஒரு காகிதமாவது இருக்கும். செலவு, ஒரு குயர் நோட்டு.

எழுதுவதாக இருந்தால் சீக்கிரம் எழுத வேண்டும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அறுபத்தேழு மலைக்கிராமத்து ஜனங்களும் திரள்வார்கள். முன்பெல்லாம் ஊர் ஊராகத் தடத்தில் நடந்துதான் உச்சிக்கு வந்து சேர்வார்கள். இப்போது வேன், டிராக்டர், பைக். எந்த ஊரிலிருந்து எந்தத் தடம், எங்கே தண்ணீர், எங்கே சுமைதாங்கி என்று கேட்டால் விரல்விட்டுச் சொல்ல ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கூட்டத்தில் அவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். வேனிலிருந்து கடைசியாக, யாராவது கைகொடுத்த பிறகு இறங்குகிறவர்கள்.